பழைய ரிமோட் பழுதாகும் முன்...



படுக்கையில் இருக்கும் எங்கள் மாமிக்கு றமழான் இரவுகளில் ஓர் ஆறுதல் உண்டு. மக்காவின் நேரம் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால் என்பதால், நமது ஊர் அடங்கிய பிறகுதான் அங்கே தராவீஹ் தொடங்கும். அதைச் செய்மதித் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். ஒரு நோன்பில், சின்னவன் ரிமோட்டின் மேல் தேநீரைக் கொட்டிவிட்டான். ரிசீவர் வேறோர் அலைவரிசையில் நின்றுவிட்டது. அந்தப் பெட்டியில் அலைவரிசையை மாற்றப் பொத்தானே இல்லை. கடையிலிருந்து வாங்கிவந்த பொது ரிமோட்டும் வேலை செய்யவில்லை. இரண்டு இரவுகள் மாமி, "பரவாயில்லை மகள்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அந்த இரண்டு இரவுகளும் எனக்கு மறக்கவில்லை.

பிழை ரிமோட்டில் இல்லை. அதைப் பழக்கும் விதம் எங்களுக்குத் தெரியாததுதான் பிழை. இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் விளங்கும் வித்தையும் அல்ல.

ரிமோட்டின் முனையில் உள்ள சிறு விளக்கு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்புகிறது. பெரும்பாலான ரிமோட்டுகளில் அந்த ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 38,000 தடவை துடிக்கும். துடிப்பை விட்டுவிட்டு அனுப்பும் ஒழுங்கில்தான் "சத்தத்தைக் கூட்டு", "அலைவரிசையை மாற்று" என்ற கட்டளைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கம்பனியின் ஒழுங்கும் வேறு. பொது ரிமோட்டுக்குள் பல கம்பனிகளின் ஒழுங்குகள் பதியப்பட்டுள்ளன. எங்கள் வீட்டுப் பெட்டிக்கு உரியது எது என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கு மூன்று வழிகள் உண்டு. பொத்தான்களின் பெயர் ரிமோட்டுக்கு ரிமோட் மாறும். கூட வரும் தாளை எறிந்துவிடாதீர்கள்.

முதலாவது, இலக்கம் கொடுப்பது. முதலில் "சாட்" அல்லது "எஸ்.டீ.பீ." என்ற பொத்தானை அழுத்துங்கள். பலர் "டீவி" பொத்தானை அழுத்திவிட்டு இலக்கம் பிழை என்று நினைக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஏமாந்தோம். பிறகு "செட்" பொத்தானை விளக்கு எரியும்வரை அழுத்திப் பிடித்து, உங்கள் ரிசீவரின் பெயருக்கு நேரே தாளில் உள்ள இலக்கத்தை அழுத்துங்கள். விளக்கு அணைந்தால் இலக்கம் ஏற்கப்பட்டது. ஒரு பெயருக்குப் பல இலக்கங்கள் இருக்கலாம். ஒன்று சரிவராவிட்டால் அடுத்ததைப் பாருங்கள்.

இரண்டாவது, தேடவிடுவது. ரிசீவரை ஒளிரவைத்து, ரிமோட்டைத் தேடும் நிலையில் வைத்து, பவர் பொத்தானை ஆறுதலாகத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். ரிசீவர் அணைந்த கணமே நிறுத்தி, அந்த ஒழுங்கைப் பதிந்துகொள்ளுங்கள். அவசரப்பட்டால் சரியானதைத் தாண்டிவிடுவீர்கள்.

மூன்றாவது, பார்த்துப் படிக்கும் ரிமோட். பழைய ரிமோட்டையும் புதியதையும் சில அங்குல இடைவெளியில் முகத்துக்கு முகம் வைத்து, ஒவ்வொரு பொத்தானாகப் படிப்பிக்கலாம். தாளில் பெயர் இல்லாத பெட்டிக்கும் இது உதவும். எங்களுக்கும் இதுவே கைகொடுத்தது. பக்கத்து வீட்டிலும் அதே வகை ரிசீவர் இருந்ததால், அவர்களுடைய ரிமோட்டை இரவல் வாங்கிப் படிப்பித்தோம்.

எல்லார் வீட்டுக்குப் பக்கத்திலும் அதே ரிசீவர் இருக்காது, சகோதரிகளே. ஆகவே, பழைய ரிமோட் நன்றாக இருக்கும்போதே இன்னொன்றைப் படிப்பித்து அலுமாரியில் வையுங்கள். சரிவந்த இலக்கத்தைப் பற்றரி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டுங்கள். சில மலிவான ரிமோட்டுகள் பற்றரியைக் கழற்றினால் எல்லாவற்றையும் மறந்துவிடும். பிள்ளைகளுக்காகச் சில அலைவரிசைகளைப் பூட்டி வைத்திருப்பவர்கள், "மெனு" பொத்தானும் இலக்கப் பொத்தான்களும் வேலை செய்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள்.

வாங்குமுன் இன்னொன்று. புதிய பெட்டிகள் சிலவற்றின் ரிமோட்டுகள் புளூடூத்தில் இயங்குகின்றன. அவற்றுக்கு அகச்சிவப்பு ரிமோட் பொருந்தாமல் போகலாம். பழைய ரிமோட்டைக் கையடக்கத் தொலைபேசியின் கமராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். திரையில் சிறு ஒளி துடித்தால் அது அகச்சிவப்பு. பின்பக்கக் கமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கமராவில் பாருங்கள். ரிமோட் செத்துவிட்டதா, பற்றரிதான் தீர்ந்ததா என்று அறியவும் இதே சோதனை உதவும்.

இப்போது மாமியின் தலையணைக்கருகில் அவருக்கென்றே ஒரு ரிமோட் இருக்கிறது. அவருக்குத் தேவையான நான்கு பொத்தான்களுக்கு மேல் சிவப்பு நிறம் பூசியிருக்கிறோம். நடுநிசியில் யாரையும் எழுப்பாமல் தானே மக்காவுக்குப் போய்வருகிறார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே இதைச் செய்துவிடுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.