ஒரு காது திடீரென அடைத்தால்

சகோதரிகளே, எழும்பும்போது ஒரு காது மட்டும் அடைத்து இரைந்தால், "தண்ணி போயிருக்கும்" என்று எண்ணெய் காய்ச்சி விடாதீர்கள். வாயை மூடி 'ம்ம்' என்று இழுத்துப் பாருங்கள். அடைத்த காதில் பலமாகக் கேட்டால் அநேகமாக அழுக்குத்தான். நல்ல காதில் பலமாகக் கேட்டால் உட்காது நரம்பாக இருக்கலாம். ஹிந்திப் பாடகி அல்கா யாக்னிக், விமானத்தால் இறங்கியதும் காது கேட்காமல் போனதாக 2024 ஜூனில் அறிவித்தாரே, அதுவும் நரம்புக் கோளாறுதான்.

சிலருக்குத் தானாகவே சுகமாகும்; யாருக்கென்று முன்கூட்டித் தெரியாது. ஸ்டீரொய்ட் மருந்து முதல் 2 வாரத்துக்குள்தான் நன்றாகப் பலன்தரும். இலங்கைத்துறையில் இருப்பவர்கள் அன்றைக்கே மூதூர் தள வைத்தியசாலைக்குப் போங்கள். காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்பும்படி வாய்விட்டுக் கேளுங்கள். நீரிழிவு இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், அந்த மருந்து சீனியைக் கூட்டும்.