ஆளற்ற மாளிகையில் ஏற்றிய விளக்கு

குறிஞ்சிப்பாடி வட்டத்தில், வடலூருக்குத் தெற்கே உள்ள சிற்றூர் மேட்டுக்குப்பம். வைணவ ஆசாரியர்கள் வருகை தரும்போது தங்குவதற்கென்று அங்கே ஒரு திருமாளிகை இருந்தது. காலப்போக்கில் அது பயன்பாடற்று வெறுமையாய்க் கிடந்தது. 1870ஆம் ஆண்டில் வள்ளற்பெருமான் தனிமையை நாடி அந்த மாளிகைக்கு எழுந்தருளினார். முருகனையும் தில்லைக் கூத்தனையும் பாடிய அருளாளருக்கு, அது யாருக்காக எழுப்பப்பட்டது என்பது தடையாகவில்லை. 'சித்திவளாகம்' என்று அதற்குப் பெயர் சூட்டினார். அவர் கைக்கு வந்தது பழைய சுவர்தான்; பெயரும் பயனுமே புதியவை.

பெருமானின் வாழ்வில் இது முதல் முறையன்று. சென்னையை நீங்கி வந்தபின், 1858 முதல் 1867 வரை கருங்குழியில் வேங்கட ரெட்டியாரின் இல்லத்திலேயே அவர் உறைந்தார். அந்த இல்லத்து அம்மையார் முத்தியாலம்மாள், எண்ணெய்க் கலயம் உடைந்துபோகவே புதுக் கலயம் ஒன்றைப் பழக்குவதற்காக நீர் நிரப்பி வைத்தாராம். எண்ணெய் என்று எண்ணி அந்நீரையே இரவெல்லாம் வார்த்து எழுதினார் பெருமான். விளக்கு அணையாமல் எரிந்தது. அன்பர்கள் நன்கறிந்த வரலாறு இது. ஒரு குடும்பம் வாழ்ந்த வீடு இன்று வழிபடும் இடமாகி நிற்கிறது. அடியார்கள் அங்கே தேடிச் செல்வது மண்டபத்தையன்று, அந்த அறையையே.

புதிதாகக் கட்ட வேண்டிய இடத்தில் அவர் கட்டவும் செய்தார். வடலூரில் பார்வதிபுரத்து மக்கள் ஏறத்தாழ எண்பது காணி நிலத்தை மனமுவந்து அளிக்க, 1867 மே 23 அன்று சத்திய தருமச்சாலை தொடங்கியது. அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையவில்லை. 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று எண்கோண வடிவிலான சத்திய ஞானசபையில் முதல் வழிபாடு நிகழ்ந்தது. பசித்தவர்க்குச் சோறிடவும், ஜோதி தரிசனத்திற்கும் அவர் கட்டடம் எழுப்பினார். தாம் தங்குவதற்கோ பிறர் கட்டிய கூரையே அவருக்குப் போதுமானதாயிற்று.

இதை இன்று நினைவுகூரக் காரணம் உண்டு. கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் காவிரிக் கரை ஊர்களிலும் எத்தனையோ பூர்வீக வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, வயது முதிர்ந்த பெற்றோர் மட்டும் ஆண்டுக்கொரு முறை வந்து வெள்ளையடித்துவிட்டுத் திரும்புகின்றனர். 'இதை ஊருக்குப் பயன்படும்படி விடலாமே' என்ற எண்ணம் எழுந்தாலும், அடுத்து வரும் பேச்சு பெரும்பாலும் இடித்துவிட்டுக் கான்கிரீட் மண்டபம் கட்டுவது பற்றியதாகவே இருக்கிறது. இடித்தபின் பணம் போதாமல், வெறும் தூண்களோடு நிற்கும் மனைகளை யார்தான் கண்டதில்லை?

பழைய வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது கூரை. ஓடு விலகிய இடத்தில் மழைநீர் இறங்கிக் கைமரமும் உத்திரமும் உளுத்திருக்கின்றனவா என்று அனுபவமுள்ள தச்சரைக் கொண்டு தட்டிப் பார்க்கச் செய்தல் வேண்டும். உளுத்ததை மட்டும் மாற்றினால் போதும். அடுத்தது சுவர். சுண்ணாம்புக் காரையால் எழுந்த சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை இழுக்கும்; காற்றுப் பட்டு அதை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிரும். பழுதுபார்க்கவும் சுண்ணாம்பே தகும். திண்ணைப் படியருகே ஒரு சரிவுப் பாதையும், பிடித்து ஏறக் கைப்பிடியும், முதியோர்க்கு ஏற்ற கழிப்பறையும் புதிதாக வேண்டும். இவற்றில் சிக்கனம் பார்க்கலாகாது. கூடத்தில் மாலைநேரத் தேவாரப் பயிற்சி நடக்கலாம். பின்கட்டில் அடுப்பு எரியலாம். உரிமையாளர் பலராயின், எல்லோருடைய சம்மதத்தையும் எழுத்தில் பெற்றுப் பதிவு செய்தபின் தொடங்குவதே நலம். வாய்ச்சொல்லில் விட்ட தருமங்கள் அடுத்த தலைமுறையில் வழக்காகின்றன.

வடலூரிலேயே கட்டுவதா, விடுவதா என்ற கேள்வி அண்மையில் எழுந்தது. 2024 பிப்ரவரியில் பெருவெளியில் வள்ளலார் பன்னாட்டு மையத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, மையம் வேண்டும், அதைப் பெருவெளிக்கு அப்பால் அமையுங்கள் என்று அன்பர்கள் பலர் குரலெழுப்பினர். உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடுக்கப்பட்டது. பார்ப்பதற்கு வெறும் திடலாயினும், தைப்பூசத்தன்று அங்கே தோளோடு தோள் உரச நின்று ஏழு திரை விலகக் கண்டவர்க்கு, அது ஏற்கெனவே நிறைந்த இடம் என்பது தெரியும்.

சித்திவளாகத்தில் 1873 அக்டோபர் 22 அன்று சன்மார்க்கக் கொடியேற்றிப் பேருபதேசம் செய்தார் பெருமான். அவ்வாண்டு கார்த்திகையில், தம் அறையினுள் இருந்த விளக்கை வெளியே எடுத்து வைத்து, அதனை வழிபட்டு வருமாறு அன்பர்களுக்குப் பணித்தார். 1874 ஜனவரி 30 அன்று அறையினுள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்டார். தைப்பூசத்தின் மூன்றாம் நாள், வடலூரிலிருந்து பேழையைச் சுமந்து கருங்குழி வழியாக நடந்து வரும் கூட்டம், ஆசாரியர்களுக்கென்று யாரோ கட்டிவைத்த அந்த மாளிகையின் முன் திருவறை தரிசனத்திற்காக வரிசையில் நிற்கிறது.