ஆலைச் சங்கு

புதுவை மாந்தர் ஒரு காலத்தில் பொழுதறிந்தது மாதா கோயில் மணியாலும் ஆலைச் சங்காலுமே. மணி இன்றும் ஒலிக்கின்றது, சங்கு அடங்கிற்று. 1898 இல் தோன்றிய ரோடியர் ஆலை, பின்னர் ஏ.எப்.டி. ஆலை எனப் பெயர் பூண்டு, 2020 இல் மூடப்பட்டது. சவானா ஆலையாயிருந்த சுதேசி ஆலையும், கெப்ளே ஆலையாயிருந்த பாரதி ஆலையும் அவ்வாறே ஓய்ந்தன. ஆலைகள் ஓய்தல் மான்செஸ்டரும் மும்பையும் கண்டதே. ஆலையோடு ஆலைத் தொழிலாளரின் நினைவும் ஓய்தல் தகுமோ என்பதே யாம் ஈண்டு வினவுவது.

1936 ஜூலை 30 ஆம் நாள் பிரெஞ்சுக் காவற்படையினர் சுட்டதில் சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் மாண்டனர். அடுத்த ஆண்டு ஏப்ரலிலேயே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி வேலைநாள் சட்டமாயிற்று. அந்நாளில் பிரிட்டிஷ் இந்தியாவின் 1934 ஆம் ஆண்டு ஆலைச்சட்டம் நாளொன்றுக்குப் பத்து மணி வேலையை இசைந்திருந்தது என்பதை நோக்கின், இந்நகரத் தொழிலாளர் பெற்ற வெற்றியின் அருமை விளங்கும். அவர்தம் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற மக்கள் முன்னணி, 1955 தேர்தலில் வலிமைமிக்க எதிர்க்கட்சியாய் அமர்ந்தது. திரையுலகும் அவர்களை மதித்தது: 1964 இல் எம்.ஜி.ஆர். நடித்த படத்தின் பெயரே 'தொழிலாளி'. 1992 இல் வந்த 'மன்னன்' படத்திலும் நாயகர் ஆலைத் தொழிலாளரே. இன்றோ திரையில் புதுவையெனின் மஞ்சட் சுவரும் கடற்கரையும் மட்டுமே. தேர்தல் மேடைகளிலும் தொழிலாளர் என்னும் சொல் அருகிவிட்டது.

வேலைநிறுத்தங்களே ஆலைகளை அழித்தன என்பார் உளர். சங்கங்கள் கட்சிக்கொன்றாய்ப் பிளவுண்டதை யாமும் மறுக்கிலேம். எனினும் பழைய இயந்திரங்களும், விசைத்தறியின் போட்டியும், மேலாண்மையின் தளர்ச்சியும் தொழிலாளர் செய்த பிழைகள் ஆமோ?

அன்றியும், தொழிலாளர் மறைந்திலர்; பெயரே மறைந்தது. சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிக்கு உழைப்போர் யார்? இரவில் உணவுப் பொதி சுமந்து இருசக்கர வண்டியில் விரைவோர் யார்? அவர்களுள் மாணவரும் உளர். அவர்கட்கு எட்டு மணி ஆயிற்றென ஊதும் சங்கு எங்கும் இல்லை.

ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். குடும்பத் தொழிலை வகுப்பில் வினவியபோது, எம் பாட்டனார் ஆலையில் நூல் நூற்றார் என்று சொல்ல நாணி, 'கம்பெனி வேலை' என்று மழுப்பினோம். பன்னிருவர் உயிர் கொடுத்துப் பெற்ற ஓய்வு நேரத்திலன்றோ அப்பாட்டனார் எம் தந்தைக்கு எழுத்தறிவித்தார்! அவ்வெழுத்தின் பயனாலன்றோ யாம் இன்று தமிழ் கற்கின்றோம்!

ஆதலின் தோழர்காள், இவ்விடுமுறையில் நாம் ஒவ்வொருவரும் ஒரு முதிய ஆலைத் தொழிலாளரை அடுத்துச் செல்வோமாக. பாவு, ஊடை, தறி என அவர் நாவில் வாழும் சொற்களையும், அவர் கண்ட நாட்களையும் எழுதிக்கொணர்வோமாக. நூலாலை ஓய்ந்த ஊரில் அவர் வரலாறேனும் நூலாகட்டும்.