எல்லாம் நெட்டில் இருக்கு, புஸ்தகம் எதுக்கு?

டெல்லிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. இந்த ஊரில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "மதராஸியா?" இரண்டாவது, வீட்டுக்கு வருகிறவர்கள் என் அலமாரியைப் பார்த்துவிட்டுக் கேட்பது: "அரே பாயி, இதெல்லாம் நெட்டில் சும்மா கிடைக்குதே, காசு குடுத்து ஏன் வாங்கினே?"

"இதெல்லாம்" என்பது கிரிக்கெட் ஆண்டுப் புத்தகங்கள். போன வருஷம் எங்கே யார் ஆடினார்கள், எத்தனை ரன், எத்தனை விக்கெட் என்று பக்கம் பக்கமாகப் பொடி எழுத்தில் அடித்த குண்டுப் புத்தகங்கள். 1864 முதல் வரும் இங்கிலாந்தின் விஸ்டன் எல்லோருக்கும் தெரிந்த மஞ்சள் செங்கல். நம்ம ஊரிலும் ஒன்று இருந்தது. சென்னையில் இந்து பத்திரிகையின் கஸ்தூரி அண்ட் சன்ஸ் வெளியிட்ட 'இண்டியன் கிரிக்கெட்'. 1940களின் பிற்பாதியில் எஸ்.கே. குருநாதன் ஆசிரியராக இருந்து ஆரம்பித்தது. பல பத்தாண்டுகள் வந்தது. தர்யாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமை பழைய புத்தகச் சந்தையில்தான் என் சேகரத்தில் பாதியைப் பொறுக்கினேன். அந்தச் சந்தையையும் 2019ல் நடைபாதையிலிருந்து கிளப்பி மஹிளா ஹாட்டுக்குள் தள்ளிவிட்டார்கள். அது வேறு சோகம்.

இந்தப் புத்தகங்களைக் கிண்டல் செய்கிறவர்கள் இரண்டு கட்சி. முதல் கட்சி, "எல்லாம் நெட்டில் இருக்கு." இரண்டாவது கட்சி, "கணக்குப் பார்த்தால் ரசனை செத்துப் போகும்." இரண்டுமே தப்பு. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நெட் கட்சி. நெட்டில் எல்லாம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டும். வி.வி. குமார் என்று எத்தனை பேர் தேடியிருப்பீர்கள்? மெட்ராஸ்காரர், லெக் ஸ்பின்னர். 1961 பிப்ரவரியில், இதே டெல்லி பெரோஸ் ஷா கோட்லாவில், பாகிஸ்தானுக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 64 ரன்னுக்கு 5 விக்கெட், இரண்டாவதில் இன்னும் 2. அதே வருஷம் நவம்பரில் பம்பாயில் இங்கிலாந்தோடு ஒரு டெஸ்ட், விக்கெட் இல்லை. அவ்வளவுதான், கதை முடிந்தது. மூன்றாவது டெஸ்ட் அவருக்கு வரவே இல்லை. ஆனால் மனுஷர் 1970களின் பாதிக்கு மேல் வரை போட்டுக்கொண்டே இருந்தார். முதல்தர கிரிக்கெட்டில் மொத்தம் 599 விக்கெட், சராசரி 20க்கும் கீழே!

எனக்கு இவரை எந்தத் தேடுபொறியும் காட்டவில்லை. வேறு யாரையோ தேடிப் பக்கம் புரட்டும்போது கண்ணில் பட்டார். அடுத்த வருஷத்துப் புத்தகத்தில் இருக்கிறாரா என்று பார்த்தேன், இருந்தார். அதற்கடுத்ததிலும் இருந்தார். வருஷா வருஷம் ரஞ்சி பந்துவீச்சுப் பட்டியலில் வந்துகொண்டே இருந்தார். ஆண்டுப் புத்தகத்தின் விசேஷமே இதுதான். நாம் கேட்காததையும் சொல்லும். பட்டியலில் நட்சத்திரத்துக்கு ஒரு எழுத்தளவு, காலி மைதானத்தில் பந்து போட்டவனுக்கு வேறு எழுத்தளவு என்று கிடையாது. நெட்டில் நேர் எதிர். நேற்று யார் பிரபலமோ அவர்தான் இன்றைக்கும் முதல் பக்கம்.

இரண்டாவது, ரசனைக் கட்சி. இவர்கள் கொஞ்சம் கவித்துவமான ஆட்கள். "விஸ்வநாத்தின் ஸ்கொயர் கட்டை எண்ணில் அளப்பாயா?" என்பார்கள். அளக்க மாட்டேன் சாமி. ஆனால் நல்ல ஆண்டுப் புத்தகம் வெறும் எண் இல்லை. ஸ்கோர்கார்டுக்குப் பக்கத்திலேயே ஆட்டத்தைப் பற்றிய குறிப்பும் இருக்கும். அதே கோட்லாவையே எடுத்துக்கொள்வோம். 1999 பிப்ரவரி 7. கும்ப்ளே 26.3 ஓவர், 9 மெய்டன், 74 ரன், 10 விக்கெட். பாகிஸ்தான் விக்கெட் இழக்காமல் 101 என்று இருந்து, 207க்கு ஆல் அவுட். அந்த ஸ்கோர்கார்டில் ஸ்ரீநாத் பெயருக்கு எதிரே விக்கெட் பூஜ்யம். எண்ணை மட்டும் பார்க்கிறவன், 'பாவம், ஸ்ரீநாத்துக்கு அன்றைக்குச் சரியில்லை' என்று முடிவு கட்டுவான். கும்ப்ளேவுக்குப் பத்தாவது விக்கெட் கிடைக்க வேண்டுமென்று, கடைசியில் ஸ்டம்பை விட்டு விலக்கி விலக்கிப் போட்டார் ஸ்ரீநாத் என்பது கூடவே படித்தால்தான் புரியும். அந்தப் பூஜ்யம் எவ்வளவு பெரிய மனசு என்று அப்போது தெரியும்.

ரசனையை இது கொன்றதா? எனக்கு என்னவோ கூட்டியது என்றுதான் படுகிறது.

அப்புறம், கணக்கு என்றால் கூட்டல் கழித்தல் மட்டும் என்று நினைக்கிறார்கள். அமெரிக்காவில் பேஸ்பால் என்று நம்ம கில்லிக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில் ஒரு ஆட்டம் இருக்கிறது. அங்கே பில் ஜேம்ஸ் என்று ஒருவர். கான்ஸாஸ் மாநிலத்தில் பீன்ஸ் டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலையில் இரவுக் காவலாளி. ராத்திரி உட்கார்ந்து பேஸ்பால் கணக்குகளைக் குடைந்துகொண்டிருந்தார். 1977ல் 68 பக்கத்துக்கு ஜெராக்ஸ் எடுத்து, தானே ஒரு ஆண்டுப் புத்தகம் போட்டார். பத்திரிகையில் சின்ன விளம்பரம் கொடுத்து விற்றது, ஏறக்குறைய 75 பிரதி. அசரவில்லை. 1988 வரை வருஷா வருஷம் போட்டார். 1982லிருந்து பெரிய பதிப்பகமே வெளியிட்டது.

அவர் செய்தது என்ன? எல்லோரும் நம்பிய எண்ணைப் பிடித்து, "நீ நிஜமாக எதைச் சொல்கிறாய்?" என்று குறுக்கு விசாரணை செய்தார். ஒரு உதாரணம். தப்பு குறைவாகச் செய்கிறவன்தான் நல்ல ஃபீல்டர் என்று அங்கே கணக்கு. ஜேம்ஸ் கேட்டார்: பந்து பக்கமே ஓடாதவன் எப்படித் தப்புச் செய்வான்? ஓடிப்போய் எட்டிப் பிடிக்கப் பார்த்து விட்டவனுக்குக் கெட்ட பேர், நின்ற இடத்திலேயே நின்றவனுக்கு நல்ல பேரா? அதனால் ஒருவன் ஒரு ஆட்டத்துக்கு எத்தனை பந்தைப் பிடித்து ஆளை அவுட்டாக்குகிறான் என்று எண்ணச் சொன்னார். ஆபீஸில் வேலையே செய்யாமல், அதனாலேயே தப்பும் செய்யாமல் பிரமோஷன் வாங்குகிறவர்களைப் பார்த்த நமக்கு இது சட்டென்று புரியும் :-)

அதே ஜேம்ஸை 2002 கடைசியில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி ஆலோசகராக எடுத்துக்கொண்டது. 1918க்கு அப்புறம் கோப்பையே பார்க்காத அணி, 2004ல் ஜெயித்தது. அவரால்தான் ஜெயித்தது என்று நான் ஜல்லியடிக்க மாட்டேன். ஒரு காவலாளி எழுதியதைப் பெரிய முதலாளிகள் காசு கொடுத்துக் கேட்கும் நிலை வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். அது வந்தது வருஷா வருஷம் விடாமல் வந்த ஒரு புத்தகத்தால்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ராஜிந்தர் கோயல், இடதுகை ஸ்பின்னர். பாட்டியாலா, தெற்கு பஞ்சாப், டெல்லி, ஹரியானா என்று ஆடினார். ரஞ்சியில் மட்டும் 637 விக்கெட், இன்னும் யாரும் தாண்டாத எண். டெஸ்ட், ஒன்றுகூட இல்லை. பம்பாயின் பத்மாகர் ஷிவால்கர், முதல்தர விக்கெட் 589, அவருக்கும் டெஸ்ட் கிடையாது. பேடி இருந்த காலத்தில் பிறந்தது அவர்கள் தலையெழுத்து என்பார்கள், சரி. அமோல் மஜும்தார்? 1993-94ல், டெல்லிக்கு அடுத்த பரிதாபாத்தில், முதல் ரஞ்சி ஆட்டத்திலேயே 260. முதல்தர அறிமுகத்தில் அன்றைக்கு அது உலக சாதனை. 11,167 முதல்தர ரன் எடுத்தும் இந்தியாவுக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2025ல் நம் பெண்கள் அணி உலகக் கோப்பை ஜெயித்தபோது பயிற்சியாளர் இவர்தான் என்றதும் எல்லோரும் "அட!" என்றார்கள். ஆண்டுப் புத்தகம் படித்தவன் முப்பது வருஷத்துக்கு முன்பே "அட" போட்டாயிற்று. நம்ம சுப்ரமணியம் பத்ரிநாத், முதல்தரத்தில் 10,245 ரன், சராசரி 54க்கு மேல். 2010ல் கிடைத்தது 2 டெஸ்ட், 3 இன்னிங்ஸ். முதல் இன்னிங்ஸிலேயே 56 அடித்தும் அவ்வளவுதான்.

ரசனைக் கட்சி இங்கேதான் கவனிக்க வேண்டும். "அவனிடம் ஏதோ ஒரு இது இருக்கு சார்" என்று சொல்லித்தான் ஒருவனை உள்ளே எடுப்பார்கள், இன்னொருவனை வெளியே வைப்பார்கள். அந்த "ஏதோ ஒரு இது" எப்போதும் பெரிய ஊரில், டிவி கேமரா முன்னால், தெரிந்தவர் கண்ணில் படுகிறவனிடம்தான் அதிகம் இருக்கும். மற்றவனுக்கு இருக்கும் ஒரே சாட்சி அவன் எடுத்த ரன்னும் விக்கெட்டும்தான். அதையும் 'வெறும் எண்' என்று தள்ளிவிட்டால் அவன் எதைக் காட்டி நியாயம் கேட்பான்?

எண் பொய் சொல்லாதா? சொல்லும். ஹரியானாவின் லாஹ்லி ஆடுகளத்தில், பந்து இரண்டு பக்கமும் ஆடும்போது எடுத்த 40 வேறு, தார் ரோடு மாதிரி பிட்ச்சில் அடித்த 140 வேறு. அதைப் பிரித்துச் சொல்லத்தான் ஆய்வு வேண்டும் என்கிறேன். தப்பான கணக்குக்கு மருந்து நல்ல கணக்குதான். கணக்கே வேண்டாம் என்பது, தராசு சரியில்லை என்பதற்காகக் கண்ணளவில் தங்கம் வாங்குகிற மாதிரி.

இன்னொரு விஷயம். இந்த மாதிரி ஆய்வு இப்போது நடக்காமல் இல்லை. ஐபிஎல் அணி ஒவ்வொன்றும் லேப்டாப்போடு ஆள் வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கு அவர்கள் பெட்டிக்குள். நமக்குக் கிடைப்பது டிவியின் அடியில் ஓடும் பட்டை, அதுவும் ஒரு விளம்பரத்தோடு. யார் ஏலத்தில் எத்தனை கோடி என்பதைச் சின்னப் பையன்கூடச் சொல்கிறான். போன ரஞ்சியில் தமிழ்நாட்டுக்கு அதிக விக்கெட் எடுத்தது யார் என்று கேளுங்கள், பெரியவர்களே முழிப்பார்கள்.

'இண்டியன் கிரிக்கெட்' புதுப் பிரதியைக் கடையில் பார்த்தே ரொம்ப வருஷமாகிவிட்டது. 2013ல் சுரேஷ் மேனன் ஆசிரியராக விஸ்டன் இந்தியா என்று ஒன்று ஆரம்பித்தார்கள், சில வருஷம் வந்தது. தமிழில்? தொடர்ந்து வந்து கடையில் கிடைத்த ஒன்றை நான் பார்த்ததில்லை. வருஷா வருஷம் ராசிபலன் புத்தகம் வாங்குகிற ஊர் ஐயா நம்முடையது. பாம்புப் பஞ்சாங்கம் இல்லாத வீடு உண்டா? வரப்போகிற வருஷத்துக்குக் காசு கொடுக்கிறோம், நடந்து முடிந்த வருஷத்துக்குக் கொடுக்க மாட்டோமா?

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. தமிழ்நாட்டு அணியின் போன வருஷத்து ஸ்கோர்கார்டு எல்லாம். பெண்கள் அணியும் 19 வயதுக்குட்பட்டோர் அணியும் அதே எழுத்தளவில். சென்னை முதல் டிவிஷன் லீக். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பத்து வரி. கடைசியில் "இந்த எண்ணை நம்பாதே, ஏனென்றால்…" என்று சொல்லத் தெரிந்த நாலு கட்டுரை. முந்நூறு பக்கம் வரும். 75 பிரதி விற்றாலும் பரவாயில்லை, பில் ஜேம்ஸும் அங்கேதான் ஆரம்பித்தார்.

யாராவது போடுங்கள். முதல் பிரதிக்கு டெல்லியிலிருந்து முன்பணம் அனுப்ப நான் தயார்.