முகத்துவாரத்தைத் தோண்டினால் மட்டும் போதுமா? எண்ணூர் - பழவேற்காடு பிரச்சினை என்ன?

எண்ணூர் என்றாலே சாம்பல், எண்ணெய்க் கசிவு, தூர்வாரல்... செய்திகளில் அடிபடுவது இவைதான். ஆனா, இங்கே முதலில் மீட்க வேண்டியது ஓதம்.

ஓதம்னா என்ன?

நம் கடற்கரையில் கடல்நீர் தினமும் இரண்டு முறை ஏறி, இரண்டு முறை இறங்குகிறது. ஏறும்போது உப்புநீருடன் இறால், மீன் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வருகின்றன. இறங்கும்போது கழிவும் வண்டலும் வெளியேறுகின்றன. இந்த ஓட்டம் நின்றால் கழிமுகம் வெறும் குட்டைதான். மீனவர்களின் வலையும் காலிதான்.

தடை எங்கே?

வடக்கே பழவேற்காடு ஏரி. தெற்கே, கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர். இரண்டையும் இணைப்பது பக்கிங்ஹாம் கால்வாய். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து எண்ணூர் கழிமுகத்தின் ஆழம் குறைந்தது. ஆக்கிரமிப்பும் கட்டுமானங்களும் நீர்வழியைச் சுருக்கின. கழிமுகத்தை மீட்க வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022-லேயே உத்தரவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து சேர்ந்தது.

சிலிகா என்ன செய்தது?

ஒடிசாவின் சிலிகா ஏரியிலும் கடலுக்கான வழி மணலால் தூர்ந்தது. உப்புத்தன்மை குறைந்தது, மீன்வளம் சரிந்தது. 1993-ல், ஆபத்தில் உள்ள ராம்சர் ஈரநிலங்களுக்கான மான்ட்ரூ பட்டியலில் ஏரி சேர்க்கப்பட்டது. 2000-ல் புதிய முகத்துவாரம் வெட்டினார்கள். ஏரியிலிருந்து கடலுக்குச் செல்லும் கால்வாயையும் தூர்வாரினார்கள். மீன்பிடிப்பு பல மடங்கு உயர்ந்தது. 2002-ல் அந்தப் பட்டியலில் இருந்தே சிலிகா வெளியே வந்தது.

கடல்நீரை விட்டால் ஊர் மூழ்காதா?

நியாயமான பயம்தான். ஆனால் மழைவெள்ளம் கடலுக்குப் போவதும் இதே வழியில்தான். வழியைச் சுருக்கினால் வெள்ளம் தெருவுக்குத்தான் வரும். தாழ்வான குடியிருப்புகளைக் கணக்கில் எடுத்துத் திட்டமிட்டால் போதும், கழிமுகத்தை அடைத்து வைக்கத் தேவையில்லை.

என்ன செய்யணும்?

முகத்துவாரம் என்பது வாசல் மட்டும்தான். வாசலைத் திறந்துவிட்டு உள்ளே கூடத்தை அடைத்து வைத்தால் காற்று வருமா? எத்தனை கன மீட்டர் மணல் அள்ளினோம் என்பதை மட்டும் வைத்து வேலையை அளக்கக் கூடாது. ஓதம் கால்வாயில் எவ்வளவு தூரம் ஏறுகிறது, உப்புத்தன்மை எவ்வளவு என்று மாதாமாதம் அளந்து பொதுவெளியில் போடணும். அங்கே வலை வீசுபவர்களையும் அந்தக் கண்காணிப்பில் சேர்க்கணும். நீர் எங்கே நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.