இறைச்சி வெந்தது, மனிதர் வேகவில்லை!

1774-ம் ஆண்டு. லண்டனில் ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவர் ஓர் அறையை அடுப்பு போலச் சூடேற்றி, உள்ளே வரத் துணிந்தவர்களை அழைத்தார். அப்படிப் போனவர்களில் ஒருவர் சார்லஸ் பிளாக்டன், அவரும் மருத்துவர்தான். ஒரு கட்டத்தில் அறையின் வெப்பம் சுமார் 127 டிகிரி செல்சியஸைத் தொட்டது. தண்ணீர் கொதிப்பதே 100 டிகிரியில்தான்!

உள்ளே வைத்த முட்டை கெட்டியாக வெந்தது. இறைச்சித் துண்டும் வெந்தது. ஒரு நாயையும் கொண்டுபோனார்கள். தரையில் கால் சுடாமல் இருக்க அதைக் கூடையில் வைத்திருந்தார்கள். நாயும் மனிதர்களும் நலமாகவே வெளியே வந்தார்கள்.

இறைச்சிக்கு நடந்தது மனிதருக்கு ஏன் நடக்கவில்லை? உயிருள்ள உடல் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்கிறது. சூடு ஏறியதும் ரத்தம் தோலை நோக்கிப் பாய்கிறது. லட்சக்கணக்கான சுரப்பிகள் வியர்வையைக் கொட்டுகின்றன. அது ஆவியாகும்போது உடலின் சூட்டையும் எடுத்துச் செல்கிறது. நாய்க்கு இந்த வேலையைச் செய்வது, மூச்சிரைக்கத் தொங்கும் நாக்கு.

ஆனால், வியர்வை காய வேண்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது காயாமல் வழிந்தோடும், உடல் குளிராது. வறண்ட ஊரின் 40 டிகிரியைவிட, கடலோர ஊரின் 35 டிகிரிப் புழுக்கம் சில நேரம் அதிகமாக வாட்டுவது இதனால்தான்.

ஒவ்வோர் உயிருக்கும் ஒரு வழி

தண்ணீர் கிடைக்காத நாட்களில் ஒட்டகம் வியர்வையைச் செலவழிக்காது. பகலில் தன் உடல் வெப்பத்தை 40 டிகிரிக்கு மேலும் ஏறவிட்டு, இரவின் குளிரில் 34 டிகிரி வரை இறக்கிக்கொள்ளும். மனிதருக்கு அது கடும் காய்ச்சல். ஒட்டகத்துக்கு அது சிக்கனம்.

அலாஸ்காவின் மரத்தவளை இதற்கு நேரெதிர். குளிர்காலத்தில் அதன் உடல்நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டியாகிவிடும். இதயமும் நின்றுவிடும். கல்லீரல் சுரக்கும் சர்க்கரை உயிரணுக்களைக் காப்பதால், வசந்தத்தில் பனி உருகியதும் தவளை மறுபடி குதிக்கும்.

மனித உடலும் பழகிக்கொள்ளும். தினமும் கொஞ்ச நேரம் வெயிலில் வேலை செய்தால், ஒன்றிரண்டு வாரங்களில் வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் வரும். அதில் உப்பு குறையும். இதயம் அவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டியிருக்காது. ஏ.சி அறையிலேயே சில வாரங்கள் இருந்தால் இந்தப் பழக்கம் போய்விடும். கோடையின் முதல் அனல் நாட்கள் அதிகம் தாக்குவதற்கு இது ஒரு காரணம்.

ஃபின்லாந்தின் மர அறை

வெப்பத்தைத் தேடிப் போகிறவர்கள் ஃபின்லாந்து மக்கள். சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் 30 லட்சம் சவுனாக்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். வீட்டில், அடுக்குமாடிக் குடியிருப்பில், நாடாளுமன்றத்தில்கூட சவுனா உண்டு. 2020-ல் யுனெஸ்கோ இதைக் கலாசார மரபாக அங்கீகரித்தது.

அடுப்பின் மேல் கற்கள், உட்கார மரப்பலகை, 80, 90 டிகிரி வெப்பம். மரம் சூட்டை மெதுவாகவே கடத்தும் என்பதால் பலகை சுடாது. கழுத்துச் சங்கிலி சுட்டுவிடும்! கற்கள்மீது தண்ணீர் ஊற்றினால் எழும் ஆவிக்கு 'லொய்லு' என்று பெயர். வியர்த்ததும் வெளியே வந்து ஆறுவார்கள்; சிலர் ஏரியில் குதிப்பார்கள்.

ஃபின்லாந்தில் நடுத்தர வயது ஆண்கள் 2,315 பேரைச் சுமார் 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2015-ல் வெளியானது. வாரத்தில் பல முறை சவுனா சென்றவர்களிடம் திடீர் இதய மரணம் குறைவாக இருந்தது. ஆனால், அதற்கு சவுனாதான் காரணம் என்று இந்த ஆய்வை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. அடிக்கடி சவுனா போக முடிந்தவர்கள் முதலிலேயே ஆரோக்கியமானவர்களாக இருந்திருக்கலாம்.

'நச்சு வெளியேறும்', 'எடை குறையும்' என்ற விளம்பரங்களையும் நம்ப வேண்டாம். வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். நச்சை நீக்குவது கல்லீரல், சிறுநீரகத்தின் வேலை. குறைந்த எடை தண்ணீர் குடித்ததும் திரும்பிவிடும்.

கதவைத் திறக்கத் தெரிய வேண்டும்

2010-ல் ஃபின்லாந்தின் ஹெய்னோலா நகரில் உலக சவுனா போட்டி நடந்தது. 110 டிகிரியில் யார் அதிக நேரம் தாங்குகிறார் என்பதே பந்தயம். அரை நிமிடத்துக்கு ஒரு முறை கற்களில் தண்ணீர் விழுந்தது. இறுதிச் சுற்றில் இருவர் எழவில்லை. ஒருவர் இறந்தார், மற்றவர் கடும் தீப்புண்களோடு பிழைத்தார். அந்தப் போட்டி அதன்பின் நடக்கவே இல்லை.

ஹோட்டலிலோ ஜிம்மிலோ சவுனா, நீராவிக் குளியல் என்று அழைத்தால் சில விஷயங்களை மறக்க வேண்டாம். முதல் முறை ஐந்து, பத்து நிமிடம் போதும், கீழ்ப்பலகையில் உட்காருங்கள். முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். மது அருந்திவிட்டுப் போகவே கூடாது. இதய நோய் உள்ளவர்கள், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் உள்ளே போக வேண்டாம். தனியாகவும் போக வேண்டாம்.

தலை சுற்றினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, குமட்டினாலோ உடனே எழுந்து வெளியே வந்துவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் இன்னும் உட்கார்ந்திருக்கிறாரே என்று பார்க்க வேண்டாம். அவர் உடல் வேறு, உங்கள் உடல் வேறு.