தொலைந்த பிள்ளை ஏன் குரல் கொடுப்பதில்லை?

கல்விச் சுற்றுலாவில் பிள்ளைகள் காணாமல் போவது உளவியல் திகில் கதைகளில் நெடுங்காலமாக நிலைத்திருக்கும் கரு. பள்ளிக்கு வெளியே ஓர் இடம், மாலையில் தலைகளை எண்ணும்போது குறையும் ஒன்றிரண்டு பேர், சற்று நேரம் கவனம் தவறிய ஓர் ஆசிரியர், தெரிந்ததைச் சொல்லாமல் விழுங்கும் ஒரு தோழி: இவை நான்கும் சேர்ந்தால் கதை தானாக நகரத் தொடங்கிவிடும். இந்தக் கரு இவ்வளவு ஆழமாகத் தைப்பதற்குக் காரணம் உண்டு. அனுமதிப் படிவத்தில் கையெழுத்திடும் பெற்றோர், பிள்ளையின் ஒரு முழு நாளைப் பிறர் பொறுப்பில் விடுகிறார்கள். அந்த நம்பிக்கை உடையும் கணத்தையே கதை பிடித்துக்கொள்கிறது. "யார் செய்தது?" என்று கதை கேட்கும். உண்மையில் நடந்த சம்பவங்களை ஆராய்ந்தால் வேறொரு கேள்வி முன்னால் வந்து நிற்கும்: பிள்ளை ஏன் குரல் கொடுக்கவில்லை?

இவ்வகைக் கதைகளில் புகழ்பெற்றது ஜோன் லின்ட்சே 1967-இல் வெளியிட்ட 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்' என்ற ஆஸ்திரேலிய நாவல். 1900 பிப்ரவரி 14 அன்று விக்டோரியா மாநிலத்தில் உள்ள ஒரு பாறைக்குன்றுக்கு உல்லாசப் பயணம் போன மாணவிகளில் மூவரும், ஓர் ஆசிரியையும் மறைந்துவிடுகிறார்கள். ஒரு மாணவி மட்டும் சில நாள் கழித்துக் கிடைக்கிறாள்; நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில் இல்லை. மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பதை நாவல் சொல்லவில்லை. எஞ்சியவர்களின் சந்தேகமும் குற்ற உணர்வும் அந்தப் பள்ளியையே சிறிது சிறிதாகச் சிதைப்பதைத்தான் அது விரிவாகக் காட்டுகிறது. பீட்டர் வியர் 1975-இல் இதைத் திரைப்படமாக்கினார். அதன்பின் இது உண்மைக் கதை என்று நம்பியவர்கள் பலர். பாறை உண்மை, சம்பவம் கற்பனை. நாவலில் அந்த நாள் சனிக்கிழமை. நாட்காட்டியில் அது புதன்கிழமை.

கற்பனையை விஞ்சிய உண்மைச் சம்பவம் அமெரிக்காவில் நடந்தது. 1976 ஜூலை 15 அன்று கலிபோர்னியாவின் சௌசில்லா என்ற சிற்றூரில், கோடைக்கால வகுப்புப் பிள்ளைகள் நீச்சல் குளத்துக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தனர். முகமூடியணிந்த மூவர் துப்பாக்கி முனையில் அவர்களுடைய பேருந்தை மறித்தனர். 5 முதல் 14 வயது வரையிலான 26 பிள்ளைகளும் ஓட்டுநரும் இரண்டு வேன்களில் அடைக்கப்பட்டு, ஏறக்குறைய 11 மணி நேரம் அலைக்கழிக்கப்பட்டனர். பிறகு லிவர்மோர் அருகே ஒரு கல்குவாரியில் புதைத்து வைத்திருந்த லாரிப் பெட்டிக்குள் இறக்கப்பட்டனர். ஏறத்தாழ 16 மணி நேரத்துக்குப் பின், ஓட்டுநரும் மூத்த பிள்ளைகளும் மெத்தைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஏறி, கூரையில் இருந்த திறப்பை அடைத்திருந்த பாரத்தை அகற்றி வெளியேறினர். ஒருவர்கூட உயிரிழக்கவில்லை. கடத்தியவர்கள் வசதியான குடும்பத்து இளைஞர்கள், நோக்கம் பணம்.

பிள்ளைகள் உயிரோடு வீடு திரும்பியதும் ஊர் நிம்மதியடைந்தது. பிள்ளைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்பதே அன்று பலருடைய எண்ணம். லெனோர் டெர் என்ற மனநல மருத்துவர் அந்தப் பிள்ளைகளை நேரில் சந்தித்துப் பேசினார். நான்கு ஆண்டுகள் கழித்து மறுபடியும் சந்தித்தார். பாதிப்பிலிருந்து முழுதாக விடுபட்ட பிள்ளையை அவர் காணவில்லை. நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாட்டாக ஆடினார்கள். 'அன்றைக்குக் காலையில் இப்படி ஒரு சகுனம் தெரிந்ததே' என்று பின்னோக்கித் தேடி, தம்மையே குற்றம் சொல்லிக்கொண்டார்கள். தமக்கு நீண்ட ஆயுள் இல்லை என்று நம்பியவர்களும் இருந்தார்கள். பிள்ளைகளின் மனக்காயம் பற்றிய மருத்துவ அறிவுக்கு இந்த ஆய்வு ஓர் அடித்தளமாயிற்று. பிள்ளை கிடைத்துவிட்ட இடத்தில் கதை முடியலாம். பிள்ளையின் மனத்தில் அது அங்கே முடிவதில்லை.

மலேசியாவில் இந்தக் கருவுக்கு மிக அருகில் நிற்கும் சம்பவம் கிளந்தானின் குவா மூசாங் காட்டில் நடந்தது. அது சுற்றுலா அன்று, பள்ளி விடுதி. போஸ் தோஹோய் தேசியப் பள்ளியில் படித்த தெமியார் பூர்வகுடிப் பிள்ளைகள் ஏழு பேர், 2015 ஆகஸ்டு 23 அன்று விடுதியிலிருந்து காணாமல் போனார்கள். அனைவரும் 7 முதல் 11 வயதுக்குட்பட்டவர்கள். உட்காட்டுக் கிராமங்களிலிருந்து தினமும் பள்ளிக்கு வந்துபோக முடியாது என்பதால், அங்குள்ள பிள்ளைகள் ஏழு வயதிலேயே வீட்டைப் பிரிந்து விடுதியில் தங்குகிறார்கள். அனுமதியின்றி ஆற்றில் குளித்ததற்குத் தண்டனை கிடைக்கும் என்ற பயமே அந்த எழுவரையும் காட்டுக்குள் ஓடவைத்தது என்பது அப்போது பரவலாக வெளிவந்த செய்தி.

வாரங்கள் கடந்தன. அக்டோபர் தொடக்கத்தில் ஒரு குழந்தையின் உடல் ஆற்றோரம் கிடைத்தது, தேடுதல் தீவிரமடைந்தது. அக்டோபர் 9 அன்று, காணாமல் போன 47-ஆம் நாளில், இரண்டு சிறுமிகள் எலும்பும் தோலுமாக, உயிரோடு மீட்கப்பட்டனர். மற்ற ஐவரும் காட்டிலேயே மாண்டுபோனார்கள்.

இந்தத் துயரத்தின் ஆழத்தை அறிய, பூர்வகுடி மக்களின் வளர்ப்பு முறையையும் அறிய வேண்டும். தெமியார் மக்களுக்கு இனத்திலும் மொழியிலும் நெருங்கியவர்கள் செமாய் மக்கள். அமெரிக்க மானிடவியலாளர் ராபர்ட் டென்டன் செமாய் மக்களைப் பற்றி 1968-இல் எழுதிய நூலின் தலைப்பே அவர்களை வன்முறையற்ற மக்கள் என்று குறிப்பிடுகிறது. பிள்ளையைக் கைநீட்டி அடிப்பதும், விருப்பத்துக்கு மாறாகக் கட்டாயப்படுத்துவதும் அவர்கள் வழக்கத்தில் இல்லை. அத்தகைய சூழலில் வளர்ந்த ஏழு வயதுக் குழந்தைக்குப் பிரம்பைப் பற்றிய எண்ணம் எவ்வளவு பெரிய அச்சமாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க முடியும். இரவும் பசியும் வெள்ளமும் நிறைந்த காட்டைவிடப் பெரியவர்களின் கோபம் அதிக ஆபத்தாக அந்த எழுவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். எந்தத் திகில் கதையிலும் இதைவிடக் கொடிய திருப்பம் இல்லை. இதில் வில்லன் என்று தனியாக ஒருவரும் இல்லை.

தொலைந்தவர்களின் மனம் எப்படி இயங்குகிறது என்பது தனி ஆய்வுத்துறையாகவே வளர்ந்திருக்கிறது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் 1986-இல் 9 வயதுச் சிறுவன் ஒருவன் காட்டில் தொலைந்தான். ஆயிரக்கணக்கானோர் ஒரு வாரத்துக்கும் மேலாகத் தேடியும் அவனை உயிரோடு மீட்க முடியவில்லை. அந்தத் தேடலில் ஈடுபட்ட உளவியலாளர் கென்னத் ஹில், வழி தவறியவர்களின் நடத்தையை அதன்பின் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ராபர்ட் கோஸ்டர் பல நாடுகளின் தேடுதல் பதிவுகளைத் தொகுத்து 2008-இல் நூலாக்கினார். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த யான் சௌமன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு, சூரியனும் அடையாளங்களும் தெரியாத காட்டில் மனிதர்கள் தம்மை அறியாமல் வட்டமடித்தே நடக்கிறார்கள் என்று காட்டியது. நேராகப் போகிறோம் என்ற உறுதியோடுதான் அவர்கள் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை இந்தத் துறை தரும் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. தொலைந்த பிள்ளை, தன்னைத் தேடி வருபவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதும் பதில் சொல்லாமல் ஒளிந்துகொள்ளக்கூடும். தொலைந்ததற்காக அடி விழும் என்ற பயம் ஒரு காரணம். முன்பின் தெரியாதவர்களோடு பேசக்கூடாது என்று வீட்டில் சொல்லிக்கொடுத்தது இன்னொரு காரணம். இருட்டில் கைவிளக்கோடும் நாயோடும் வருகிறவர்கள் பிள்ளையின் கண்ணுக்குப் பேயாகவும் தெரியலாம். கலிபோர்னியாவில் 1981-இல் ஒரு சிறுவன் மலையில் தொலைந்து குளிரில் இறந்தபின், 'ஒரு மரத்தைக் கட்டிக்கொள்' என்ற பொருளுடைய பயிற்சித் திட்டம் அங்கே தொடங்கப்பட்டது. தொலைந்துவிட்டோம் என்று தெரிந்ததும் ஒரு மரத்தின் அருகிலேயே இரு, தேடி வருபவர்கள் கண்ணில் படும்படி இரு, கூப்பிட்டால் பதில் கொடு, உன்மேல் யாருக்கும் கோபம் இல்லை என்பதே அது பிள்ளைகளுக்குச் சொல்வது. இவற்றில் கடைசி வாசகமே மற்றவற்றுக்கு உயிர் கொடுக்கிறது.

பெரியவரின் நிதானம் பிள்ளைகளின் உயிரைக் காக்கும் என்பதற்கு அண்டை நாடான தாய்லாந்து சான்று. 2018 ஜூன் 23 அன்று, 11 முதல் 16 வயது வரையிலான 12 கால்பந்துச் சிறுவர்களும் 25 வயதுத் துணைப் பயிற்றுநரும் தாம் லுவாங் குகைக்குள் போனபோது வெள்ளம் வழியை அடைத்தது. ஜூலை 2 அன்று பிரிட்டிஷ் முக்குளிப்பாளர்கள் அவர்களைக் கண்டனர். ஜூலை 8 முதல் 10 வரை மூன்று நாட்களில் அனைவரும் வெளியே கொண்டுவரப்பட்டனர். முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் இந்தப் பணியில் உயிர் நீத்தார். இருட்டில் கழிந்த நாட்களில் பயிற்றுநர் சிறுவர்களை ஒரே இடத்தில் சேர்ந்திருக்க வைத்து, தியானம் செய்யப் பழக்கி, பாறையில் சொட்டிய நீரைக் குடிக்கச் சொல்லியிருந்தார்.

மலேசியத் தமிழர்களின் நினைவில் ஆறாமல் இருப்பது கோலா டீப்பாங் விபத்து. பேராக் மாநிலத்தின் கம்பாரில் 2009 அக்டோபர் 26 இரவு, ஒரே மலேசியா முகாமுக்கு வந்திருந்த மாணவர்கள் கடந்துகொண்டிருந்த தொங்குபாலம் அறுந்து விழுந்தது. ஆற்றில் விழுந்தவர்கள் 22 பேர். மற்றவர்கள் கரை சேர்ந்தபின் மூவர் குறைந்தார்கள். 11 வயதுத் தமிழ்ச் சிறுமிகளான அந்த மூவரும் பின்னர் சடலங்களாகவே மீட்கப்பட்டனர். அங்கே மர்மம் ஏதும் இல்லை. பாலம் எத்தனை பேரைத் தாங்கும், பெருக்கெடுத்த ஆற்றின்மேல் இரவில் பிள்ளைகளை ஏன் நடத்திச் செல்ல வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்தான் இருந்தன.

இத்தகைய ஆபத்து தொலைவில் இல்லை. கோலாலம்பூரை ஒட்டிய அம்பாங் பகுதிப் பிள்ளைகளுக்குச் சுற்றுலா இடங்கள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. 1963-இல் திறக்கப்பட்ட தேசிய மிருகக்காட்சி சாலை உலு கிள்ளானில் இருக்கிறது. அம்பாங் வனப் பொழுதுபோக்கு இடமும், மலைக்கு அப்பால் உலு லங்காட்டின் அருவிகளும் ஆறுகளும் விடுமுறை நாட்களில் நிரம்பி வழிகின்றன. வீட்டுவசதிப் பகுதிகளின் விளிம்பிலிருந்தே காடு தொடங்கிவிடுகிறது. நகரத்துப் பிள்ளைக்குக் காடு பழக்கமில்லை. நூறு அடி உள்ளே போனாலும் திசை தெரியாது. மலையில் மழை பெய்தால், கீழே வெயில் காயும்போதே ஆற்றில் வெள்ளம் வரும்.

ஆகவே சுற்றுலாவுக்குப் புறப்படும் முன் செய்ய வேண்டியவை தெளிவானவை. பேருந்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் பெயர் சொல்லி எண்ண வேண்டும். தலைகளை மட்டும் எண்ணினால் யார் குறைகிறார் என்று தெரியாது. இரண்டிரண்டு பேராகச் சோடி சேர்த்து, ஒருவருக்கொருவர் பொறுப்பாக்க வேண்டும். எல்லாருக்கும் பளிச்சென்ற ஒரே நிறச் சட்டை, கழுத்தில் ஒரு விசில், கையில் ஆசிரியரின் தொலைபேசி எண் எழுதிய பட்டை இருக்க வேண்டும். பிள்ளை காணவில்லை என்றால், திட்டுக்குப் பயந்து ஆசிரியரும் மறைக்கக்கூடாது. பள்ளிக்கும் பெற்றோருக்கும் உடனே சொல்ல வேண்டும். 999-ஐ அழைக்க வேண்டும். போலீசில் புகார் செய்ய 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. அம்பாங்கை அடுத்த வங்சா மாஜுவில் 2007-இல் பாசார் மாலாமுக்குப் போன 8 வயதுச் சிறுமி கடத்திக் கொல்லப்பட்ட பிறகு எழுந்த கோரிக்கையின் பயனாக, காணாமல் போகும் சிறு பிள்ளைகளுக்கான 'நூர் அலர்ட்' என்ற அவசர அறிவிப்பு முறை 2011-இல் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. துன்புறுத்தலுக்கு அஞ்சும் பிள்ளைகளுக்காக 15999 என்ற தாலியான் காசே உதவி எண்ணும் இருக்கிறது.

படிவம், பட்டை, விசில் எல்லாம் கடையில் கிடைக்கும். உண்மையைச் சொன்னால் அடி விழாது என்ற நம்பிக்கையை வீடும் பள்ளியும்தான் கொடுக்க முடியும். அது ஒரே நாளில் வருவதன்று. உடைந்த கண்ணாடிக்கும், குறைந்த மதிப்பெண்ணுக்கும், தாமதமாக வந்த மாலைக்கும் பெரியவர்கள் காட்டும் முகத்தைப் பார்த்துத்தான் பிள்ளை அதைக் கற்றுக்கொள்கிறது. அடுத்த சுற்றுலாவின் காலையில், சாப்பாட்டுப் பொட்டலத்தைக் கையில் கொடுக்கும்போது பெற்றோர் ஒரு சொல்லையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்: "வழி தவறிப் போனால் நின்ற இடத்திலேயே இரு, கூப்பிட்டால் குரல் கொடு, உன்னை யாரும் திட்டமாட்டோம்." சொன்னபடி நடந்துகொள்ளவும் வேண்டும்.